வன உரிமைச் சட்டம்: சி படிவம் ஏன் திரும்பி வருகிறது?

குன்றடி

காப்புக்காட்டுக்குள் இருக்கும் ஒரு குடியிருப்பு. 62 வீடு, இருளரும் குறும்பரும். வாக்குரிமை வயது வந்தவர்கள் 170 பேர். சமூக வன வள உரிமைக்காக (ஊர் மரபாகப் பயன்படுத்தும் காட்டின் மீது ஊருக்கே உள்ள உரிமை) சி படிவமும், கூடவே தனிநபர் நிலக் கோரிக்கைகளும் போட்டு, அவற்றைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழுவிலிருந்து மூன்று வரிக் குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது:

1) கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை) இல்லை. ஊராட்சி கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடவும்.
2) கம்பார்ட்மென்ட் எண் (வனத்துறை காட்டைப் பிரித்துப் போட்ட பகுதி எண்) குறிப்பிடவில்லை.
3) தனிநபர் கோரிக்கைகளில் 19 இடங்களில் செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தென்படவில்லை.

அந்த ஊராட்சியில் மொத்தம் 14 குக்கிராமம், 3,200 வாக்காளர்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வைத்துவிடலாம் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அது சரியா? மூன்றுக்கும் பதில் எழுத வேண்டும். சட்டம் தெரிந்தவர்கள் வரி வரியாகச் சொன்னால் உதவி.

பழைய_தாலுகா

முதல் வரியிலேயே கோளாறு. ஊராட்சி கிராம சபை வேறு, வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆபீஸில் பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சட்டத்தின் 2-வது பிரிவில் 'கிராமம்' என்பதற்கு நான்கு வகை வரையறை உண்டு. மூன்றாவது வகையைப் படியுங்கள்: வனக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், நில அளவை ஆகாத கிராமங்கள், கிராமம் என்று அறிவிக்கை வந்திருந்தாலும் இல்லாவிட்டாலும். உங்கள் குடியிருப்பு நேராக அதில் வந்து உட்காருகிறது. அந்தக் கிராமத்தின் வயது வந்தோர் அனைவரும் சேர்ந்ததுதான் கிராம சபை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (அரசியலமைப்பின்படி பழங்குடிகளுக்கென அறிவித்த பகுதி) கிடையாது, அதனால் அந்தப் பகுதிகளுக்கான ஊராட்சிச் சட்டமான பெசா இங்கே பொருந்தாது. ஆனால் இந்த வரையறைக்கு அட்டவணைப் பகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதையும் இதையும் போட்டுக் குழப்புவதைப் பல கோப்பில் பார்க்கலாம்.

இப்போது கோரம் கணக்கு. 2012 செப்டம்பர் 6 திருத்த விதிகளின்படி:

– கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும்.
– வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள்.
– கோரிக்கைகள் மீது தீர்மானம் என்றால், கோரியவர்கள் அல்லது அவர்கள் பிரதிநிதிகளில் 50 சதவீதம் பேர் இருக்க வேண்டும்.

170 பேர் சபைக்கு 85 பேர். 85 பேர் வந்தால் அதில் 29 பெண்கள். ஒரு சாயங்காலம் கூடிவிடுகிற எண்ணிக்கை. அதையே 3,200 பேர் சபையில் வைத்தால் 1,600 பேர் வர வேண்டும். எந்த ஊராட்சியில் ஆகஸ்ட் 15 அன்று 1,600 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? அங்கே போய்த் தீர்மானம் போட்டால், அடுத்த முறை 'கோரம் இல்லை' என்று எழுதுவது நியாயமாகவே இருக்கும். போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 2008 விதியில் கோரம் மூன்றில் இரண்டு பங்கு. 2012-இல் அது பாதியானது. பழைய விதிப் புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் 114 பேர் கேட்பார்கள். திருத்தத்தின் நகலைப் பதிலோடு இணைத்துவிடுங்கள்.

கூட்டத்தைக் கூட்டுவது மட்டும் கிராம ஊராட்சியின் வேலை. ஊராட்சி செயலர் அறிவிப்பு தர மறுத்தால், எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி, கோட்டாட்சியருக்கு நகல் வையுங்கள்.

பிரிவு_ஆறு

இரண்டாவது வரிக்கு நான். சி படிவத்தையே எடுத்துப் பாருங்கள். சர்வே எண் அல்லது கம்பார்ட்மென்ட் எண் கேட்கும் இடத்தில் 'இருந்தால், தெரிந்தால்' என்று படிவமே சொல்கிறது. கட்டாயம் இல்லாத ஒன்றை நிபந்தனையாக்கக் கூடாது.

அதோடு விதி 6-ஐக் காட்டுங்கள். வன வரைபடம், வருவாய் வரைபடம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைக் கிராம சபைக்கோ, கோரிக்கைகளைச் சரிபார்க்க அது அமைக்கும் வன உரிமைக் குழுவுக்கோ கொடுப்பது கோட்ட அளவிலான குழுவின் கடமை. வரைபடத்தைத் தராமல் அதில் இருக்கும் எண்ணைக் கேட்பது எப்படி என்று மரியாதையாக ஒரு வரி எழுதலாம். படிவங்களும் இலவசமாகத் தரப்பட வேண்டியவை. கடையில் வாங்கிவரச் சொல்வதாகவும் புகார் வருகிறது.

முக்கியமான விஷயம், மூன்று வரிக் குறிப்பு 'நிராகரிப்பா', 'திருப்பி அனுப்பலா' என்று முதலில் தெளிவாகட்டும். தீர்மானம் முழுமையாக இல்லை என்றால் நிராகரிக்காமல் மறுபரிசீலனைக்குக் கிராம சபைக்கே அனுப்ப வேண்டும் என்கிறது விதி 12-ஏ(6). நிராகரிப்பு என்றால் விரிவான காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். கோரியவருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளை எழுதி வையுங்கள். கோட்ட அளவிலான குழுவின் முடிவை எதிர்த்து மாவட்ட அளவிலான குழுவுக்குப் போக 60 நாள்தான். கிராம சபைத் தீர்மானத்தை எதிர்த்துக் கோட்டக் குழுவுக்குப் போகவும் அதே 60 நாள். மாவட்டக் குழுவின் முடிவே இறுதி என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் உயர்நீதிமன்றத்தில் ரிட் மட்டுமே.

குறிப்பு 'திருப்பி அனுப்பல்' என்றால் மேல்முறையீடு தேவையில்லை. ஆனால் அது எந்த வகை என்றே தெரியாமல் 60 நாளைத் தொலைப்பவர்கள் அதிகம். சந்தேகம் என்றால் மேல்முறையீட்டு மனுவையும் போட்டு வையுங்கள்.

சங்கிலி_அளவு

மூன்றாவது வரி: செயற்கைக்கோள். இதில் சட்டத்தைவிடக் கணக்கு பேசட்டும்.

நிலம் 2005 டிசம்பர் 13 அன்று அனுபவத்தில் இருந்ததா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு நம் நாட்டில் பரவலாகக் கிடைப்பது இந்தியச் செயற்கைக்கோள்களின் லிஸ்-3 கருவிப் படம். ஒரு புள்ளிக்கு 23.5 மீட்டர். அதாவது ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 552 சதுர மீட்டர், 13.6 சென்ட். 30 சென்ட் காட்டு நிலம் அந்தப் படத்தில் இரண்டே கால் புள்ளிக்கும் குறைவு. அந்த இரண்டு புள்ளியும் பக்கத்து மரத்தின் நிறத்தோடு கலந்துதான் பதிவாகும். அமெரிக்க லேண்ட்சாட் படம் என்றால் 30 மீட்டர், ஒரு புள்ளியே 22 சென்ட். ராகியும் சாமையும் ஒரு போகம் போட்டுவிட்டு இரண்டு மூன்று வருடம் தரிசு விடும் நிலமும், பலா மர நிழலில் இருக்கும் காபியும் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும். 'தென்படவில்லை' என்பது 'இல்லை' ஆகிவிடாது.

பதிலில் கேட்க வேண்டியது நான்கு: எந்தச் செயற்கைக்கோள், எந்தக் கருவி, எந்தத் தேதியில் எடுத்த படம், ஒரு புள்ளிக்கு எத்தனை மீட்டர். கோப்பில் இது இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

வனவரப்பு

கொஞ்சம் எதிர்ப்பக்கமும், வனத்துறைத் தரப்பும் பேசலாமா? 2005 டிசம்பர் 13-க்குப் பிறகு வெட்டித் திருத்திய நிலத்துக்கும் கோரிக்கை வருவது உண்மை. அதைப் பிரித்துப் பார்க்கப் படத்தைவிட நடுநிலையான கருவி ஏது? ஊர்ப் பெரியவர் வாக்குமூலம் என்று 40 கோரிக்கைக்கு ஒரே வாசகம், ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மட்டும் மாற்றி வருகிறது. அதை நம்புங்கள் என்றால் எந்த ரேஞ்சர் கையெழுத்துப் போடுவார்?

பிரிவு_ஆறு

வனவரப்பு சொல்வதில் பாதி சரி. படமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. விதி 13-இன் சான்றுப் பட்டியலிலேயே செயற்கைக்கோள் படமும் இருக்கிறது. 12-ஏ(11) சொல்வது என்னவென்றால், தொழில்நுட்பம் மற்ற சான்றுகளுக்குத் துணை. அவற்றுக்கு மாற்று அல்ல. விதி 13-இல் உள்ள இரண்டு சான்றும் கிராம சபைப் பரிந்துரையும் இருக்கும் கோரிக்கையை எழுத்தில் காரணம் சொல்லாமல் நிராகரிக்கக் கூடாது. இந்தச் சான்றுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் கூடாது. படத்தை மட்டும் வைத்து நிராகரிப்பது செல்லாது என்று குஜராத் உயர்நீதிமன்றமும் 2013-இல் சொல்லிவிட்டது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வனத்துறை முன்பு போட்ட அபராத ரசீது, ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் பெயர், வனக்குற்ற முதல் அறிக்கை, இவற்றை மட்டும் காரணமாகக் காட்டி நிராகரிக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் 1998-இல் போட்ட அபராத ரசீது 1998-இல் அந்த நிலத்தில் அந்த ஆள் இருந்தார் என்பதற்கு அரசே கொடுத்த சான்று. அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

வாக்குமூலம் விஷயத்தில் வனவரப்போடு முழு உடன்பாடு.

பேச்சிக்கிழவி_பேத்தி

வாக்குமூலத்தை எப்படி எழுதுவது என்று நானே சொல்கிறேன், ஏனென்றால் கெடுவது அங்கேதான்.

சொல்பவர் கோரிக்கை போட்டவராக இருக்கக் கூடாது. விதியே அப்படித்தான். ஒரு தாளில் ஒரு குடும்பம், ஒரு நிலம். வயது, அப்பா அம்மா பெயர், எந்தக் குலம், எந்த ஊரில் பிறந்தார். பிறகு நிலத்தின் நான்கு மூலைக்கும் அவர் வாயால் சொல்கிற அடையாளம்: 'கிழக்கே இரண்டாகப் பிளந்த பாறை, தெற்கே ஊற்றுக்குழி, மேற்கே பெரியப்பனைப் புதைத்த கல்'. அவர் பேச்சிலேயே எழுதுங்கள். 'மேற்படி நிலத்தில் தொன்றுதொட்டு அனுபவித்து வருகிறேன்' என்று ஒரு பாட்டி பேச மாட்டார். அந்த வாசகம் வந்த உடனேயே படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும். வருடம் ஞாபகமில்லை என்றால் நிகழ்ச்சியைக் கேளுங்கள்: பெரிய மழை, ஊருக்குக் கரண்டு வந்தது, மூத்த பிள்ளை பிறந்தது. எழுதி முடித்ததும் திரும்பப் படித்துக் காட்டி, அதற்குப் பிறகு கைரேகை. அந்த வரிசை மாறக் கூடாது.

அந்தப் பிளந்த பாறையையும் கல்லையும் கள ஆய்வு நாளில் காட்டி, போட்டோ எடுத்து, அதே பெயரில் வரைபடத்தில் குறித்தால் ஒரே நிலத்துக்கு மூன்று வகைச் சான்று ஆகிவிடும்: வாக்குமூலம், நிலத்தில் தெரியும் அடையாளம், மரபுக் கட்டமைப்பு. கல்வரப்பு, சமன்படுத்திய மேடு, பழைய கிணறு, கோயில் மரம் எல்லாமே விதி 13-இல் வருகிறது.

இன்னும் ஒன்று. கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது தேன் எடுக்கும் மாதங்களைத் தவிருங்கள். ஆண்கள் மூன்று நாள் நான்கு நாள் காட்டில் இருப்பார்கள். காலை 11 மணி என்றால் பெண்கள் கூலி வேலையில் இருப்பார்கள். மாலை 5 மணிக்கு மேல், ஊருக்குள்ளேயே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரும்படி வைத்தால் 29 பெண்கள் என்ன, 50 பேர் வருவார்கள். அதிகாரி வருகிற நேரத்துக்கு ஊரைக் கூட்டினால் வருகைப் பதிவேடு மட்டும்தான் நிரம்பும்.

குன்றடி

அக்கா, வருகைப் பதிவேடு பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். முதல் கூட்டத்தில் கையெழுத்து வாங்கிய தாளுக்கும் தீர்மானத்துக்கும் தொடர்பே இல்லாமல் தனித்தனியாக இருக்கிறது. பிரச்சினை வருமா?

பேச்சிக்கிழவி_பேத்தி

வரும் தம்பி. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு மேலே தீர்மானம் எழுதியது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்படி நடக்கவும் நடக்கிறது, குறிப்பாகத் திட்டங்களுக்குச் சம்மதம் வாங்கும்போது. தீர்மானத்தை முதலில் எழுதி, சத்தமாகப் படித்து, அதே பக்கத்தில் கடைசி வரிக்குக் கீழேயே இடம் விடாமல் கையெழுத்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்த பக்கம் போனால் அதன் தலைப்பில் தீர்மான எண்ணும் தேதியும். ஆண், பெண் எண்ணிக்கையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதுங்கள்.

சங்கிலி_அளவு

எல்லை வரைபடம் பற்றி. சி படிவத்தில் பாதிச் சண்டை இங்கே.

அளவு கருவியோடு காட்டுக்குள் போவது கடைசி வேலை. முதலில் ஊரில் உட்கார்ந்து தரையில் கோலப்பொடியிலோ குச்சியிலோ வரையச் சொல்லுங்கள். தேன் பாறை எங்கே, சீமார்ப்புல் எங்கே, கடுக்காய், நெல்லி, பூந்திக்காய் எங்கே, மாடு தண்ணி குடிக்கும் இடம், சாமிக்காடு, சுடுகாடு. பெண்களைத் தனியாக உட்காரவைத்து ஒரு தடவை வரையச் சொன்னால் கிழங்கு தோண்டும் இடமும் விறகு எடுக்கும் ஓடையும் புதிதாக வரும். விதி 13(2) கேட்கும் சான்றும் இந்த இடங்கள்தான்.

பிறகு பக்கத்து ஊர்க்காரர்களைக் கூப்பிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் கோட்டக் குழுவில் போய் இடிக்கும். ஒரே காட்டை இரண்டு ஊர் பயன்படுத்தினால் இரண்டு வன உரிமைக் குழுவும் கூடிப் பேசி, முடிவை எழுத்தில் அந்தந்தக் கிராம சபைக்குத் தர வேண்டும். ஒத்துவராவிட்டால்தான் கோட்டக் குழு. பகிர்ந்து பயன்படுத்தும் பகுதியைப் படிவத்தில் அப்படியே 'பகிர்வு' என்று காட்டலாம்; கோடு கிழித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

நடக்கும்போது:

திருப்பம் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. வெட்டவெளியில் போன் ஜி.பி.எஸ். பிழை சுமார் 5 மீட்டர். அடர்ந்த மரத்தடியில், பள்ளத்தாக்கில் அது பல மடங்காகும். அதனால் புள்ளியில் நின்று இரண்டு மூன்று நிமிடம் விட்டு, சராசரி எடுத்துப் பதியுங்கள். நடந்துகொண்டே எடுத்த தடம் பெரிய காட்டெல்லைக்குப் போதும். 30 சென்ட் தனிநபர் நிலத்துக்கு அது ஆகாது, அதற்கு டேப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். ஓடை எல்லை என்றால் ஓடையின் நடுவா, கரையா என்று எழுதுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஊர் வழங்கும் பெயர். அலுவலக வரைபடத்தில் வேறு பெயர் இருந்தால் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் அங்கே பாதிப் பெயர் வெள்ளைக்காரன் காதில் விழுந்த மாதிரி இருக்கும்.

அலகு. ஊரில் ஏக்கர், சென்ட். ஆவணத்தில் ஹெக்டேர். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். இரண்டரை ஏக்கர் நிலத்துக்குப் படிவத்தில் அலகு இல்லாமல் '2.5' என்று எழுதினால் ஒன்று ஹெக்டேராக எடுத்துக்கொண்டு 'கோரிக்கை அதிகம்' என்று குறிப்பு வரும், இல்லையென்றால் கிளார்க் தானே மாற்றி எழுதுவார். 1.01 ஹெக்டேர் என்று எழுதி, பக்கத்தில் ஏக்கரையும் எழுதிவிடுங்கள். 4 ஹெக்டேர் உச்சவரம்பு தனிநபர் நிலத்துக்கு மட்டும். சமூக வன வளத்துக்கு அப்படி வரம்பே கிடையாது; அதற்கும் 4 ஹெக்டேர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

வனவரப்பு

கள ஆய்வுக்கு எங்கள் ஆட்களுக்கு முறையாகத் தகவல் கொடுப்பதில்லை என்பதையும் எழுதுங்கள். முந்தின நாள் ராத்திரி ஃபாரஸ்ட் கார்டுக்குப் போன் பண்ணிவிட்டு, 'வரவில்லை' என்று எழுதுகிறார்கள்.

பழைய_தாலுகா

சரியான புகார். வன உரிமைக் குழு எழுத்தில், ரேஞ்ச் ஆபீஸுக்கும் வி.ஏ.ஓ.வுக்கும், குறைந்தது ஒரு வாரம் முன்னால் கொடுத்து சீல் வாங்க வேண்டும். ஒரு வாரம் என்பது நடைமுறை; விதி நாள் கணக்கு சொல்லவில்லை. வந்தவர் கையெழுத்து, பதவி, தேதி, கருத்து நான்கையும் ஆய்வு அறிக்கையிலேயே பதிய வேண்டும். 'வந்திருந்தார், கையெழுத்துப் போடவில்லை' என்றால் அதையும் எழுதுங்கள்.

வராமல் இருந்துவிட்டு, பிறகு 'எங்கள் ஆள் இல்லாமல் அளந்தது செல்லாது' என்று ஆட்சேபித்தால், ஒரு முறை மறு ஆய்வு. அதற்கும் வராவிட்டால் கிராம சபை முடிவே இறுதி. இது 12-ஏ(2). பல ரேஞ்சர்களுக்கு இதைக் காட்டினாலே ஆள் அனுப்பிவிடுவார்கள்.

குழுவின் அமைப்பையும் சரிபாருங்கள்: 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 12 பேர் என்றால் 8, 4. குழு உறுப்பினரின் சொந்தக் கோரிக்கை ஆய்வுக்கு வரும்போது அவர் அதைத் தெரிவித்துவிட்டு விலகி நிற்க வேண்டும். சின்ன ஊரில் எல்லோருமே கோரியவர்கள்தான், அதனால் 'இந்தக் கோரிக்கையின்போது இவர் விலகியிருந்தார்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். அலுப்புதான். எழுதாவிட்டால் அதுவே ஆட்சேபம்.

அந்தியூர்ச்_சாலை

நடுவில் ஒரு கேள்வி. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகளுக்குப் பழங்குடிச் சான்றிதழே கிடைக்காதே. அவர்கள் எந்த வகையில் கோருவது?

பிரிவு_ஆறு

நல்ல கேள்வி. பட்டியலில் மலையாளி என்பது தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும். ஈரோடு அதில் இல்லை. மலையின் அந்தப் பக்கம் இருந்தால் பழங்குடி, இந்தப் பக்கம் இருந்தால் இல்லை.

அதனால் அவர்களும் பர்கூர் லிங்காயத்துகளும் 'இதர பாரம்பரிய வனவாசிகள்' வகையில்தான் கோர முடியும். 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 25 வருடம், ஆக 75 வருடம் அந்தக் காட்டில் வசித்து அதை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இங்கே ஒரு பெரிய குழப்பம். 75 வருடம் என்பது வசிப்புக்கும் சார்புக்கும். கோரும் அந்தத் துண்டு நிலத்தை 1930-இலிருந்து உழுததாகக் காட்ட வேண்டியதில்லை. நிலம் 2005 டிசம்பர் 13 அன்று அனுபவத்தில் இருந்தால் போதும். குடும்ப வழிமரபு, பழைய செட்டில்மெண்ட் அறிக்கை, கோயில், கல்லறை, மேய்ச்சல் பட்டி எல்லாம் உதவும். மேய்ச்சலும் சட்டத்தின் 3(1) பிரிவில் சமூக உரிமையாகவே இருக்கிறது, நாடோடியாக மேய்ப்பவர்களுக்கும் சேர்த்து.

கிராம சபை உறுப்பினர்களில் சிலர் மட்டும் பழங்குடியாகவோ பாரம்பரிய வனவாசியாகவோ இருந்தாலும் சி படிவம் போடலாம் என்று படிவமே சொல்கிறது. உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் வகையைக் குறித்தால் போதும்.

மந்துப்புல்

'வாழ்விட உரிமை' பற்றியும் யாராவது எழுதுங்கள். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த உரிமை முக்கியமாக இவர்களுக்காகச் சொன்னது. ஆனால் தமிழில் 'வாழ்விடம்' என்று போட்டதால், 'ஏற்கெனவே தொகுப்பு வீடு கொடுத்தாச்சே' என்று பதில் வருகிறது!

பிரிவு_ஆறு

மொழிபெயர்ப்பு செய்த கோலம். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சமூகம் மரபாகப் புழங்கும் நிலப்பரப்பு முழுவதும், மந்து (தோடர் குடியிருப்பு), எருமை மேயும் புல்வெளி, இறுதிச் சடங்குத் தலம், அவற்றை இணைக்கும் பாதை எல்லாம் சேர்ந்தது. பல கிராமங்களைத் தாண்டிப் போகும். மத்தியப் பிரதேசத்தில் டிண்டோரி மாவட்ட பைகா மக்களுக்கு இது கிடைத்திருக்கிறது. 12-பி விதிப்படி இதை உறுதிசெய்வது மாவட்டக் குழுவின் பொறுப்பு; மனுவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மனுவில் 'மரபு வாழ்நிலப்பரப்பு' என்று எழுதி, சட்டப் பிரிவையும் பக்கத்தில் போட்டால் வீட்டுப் பேச்சு வராது.

பேச்சிக்கிழவி_பேத்தி

சம்மதம் பற்றி ஒரு விஷயம். குவாரி, அணை, ரிசார்ட்டுக்குப் போகும் சாலை, எதற்குக் காட்டு நிலம் கேட்டாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2009 ஆகஸ்ட் 3 சுற்றறிக்கைக்குப் பிறகு கிராம சபை சம்மதம் ஒரு கேள்வியாகவே இருந்து வருகிறது. ஒடிசாவின் நியமகிரி மலைச் சுரங்கம் பற்றிய முடிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது, 12 ஊரும் வேண்டாம் என்றது. அதற்குப் பிறகு வந்த வனப் பாதுகாப்பு விதிகள் இதை மாநில அரசின் பொறுப்பாகக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளியிருக்கின்றன. அதனால் ஊர்த் தீர்மானம் இன்னும் கவனமாக எழுதப்பட வேண்டும். திட்டத்தின் பெயர், எவ்வளவு ஹெக்டேர், எந்த எல்லை, எந்த ஆவணம் எந்த மொழியில் எத்தனை நாள் முன்னால் கொடுக்கப்பட்டது, யார் என்ன கேள்வி கேட்டார், என்ன பதில் கிடைத்தது. 'விவாதித்து ஏகமனதாக' என்ற ஒரு வரி எதற்கும் உதவாது. நிபந்தனையோடு சம்மதம் என்றால் நிபந்தனை முதல் வரியில் வரட்டும்.

பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை மாதிரி ஊருக்கான 13 வசதிகள் வேறு வழி. 3(2)-இன்படி ஒவ்வொன்றும் 1 ஹெக்டேருக்குக் குறைவு, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபைப் பரிந்துரை வேண்டும். 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி டெல்லி அனுமதி தேவையில்லை. மாவட்ட வன அலுவலர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மாவட்டக் குழுவுக்குப் போகும். சரணாலயத்துக்குள் என்றால் வன உயிரினச் சட்டத்தைக் காட்டுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

ஆராய்ச்சி, வீடியோ என்று வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மூலிகை அறிவு 3(1)-இன்படி சமூகத்தின் உரிமை. கேரளத்துக் காணி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து மருந்து வந்தபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்கள் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடானது. பாராட்டலாம், ஆனால் அறக்கட்டளை 1997-இல்தான் வந்தது. உரிமம் அதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. ஊரோடு பேசுவது முதலில் வர வேண்டும். யாரோ இரண்டு வழிகாட்டிகளிடம் கேட்டது ஊரைக் கேட்டதாகாது.

வனவரப்பு

உரிமை கிடைத்தால் கடமையும் உண்டு என்று யாரும் எழுதவில்லை. 5-வது பிரிவு. வேட்டை எந்த உரிமையிலும் சேராது.

பழைய_தாலுகா

உண்மை. ஆனால் 5-வது பிரிவு கடமை மட்டும் சொல்லவில்லை, அதிகாரமும் தருகிறது. விதி 4(1)-இன்படி கிராம சபை ஒரு பாதுகாப்புக் குழு அமைத்து மேலாண்மைத் திட்டம் போடலாம். வனத்துறையோடு உறவு சீராகும் இடமும் இதுதான். தை பிறக்கும் முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டும் இடங்களை வரைபடத்தில் குறித்து, யார் எந்தக் கோட்டுக்கு என்று பெயர் போட்டு ரேஞ்ச் ஆபீஸுக்கு ஒரு நகல் கொடுங்கள். தீ கண்டால் முதலில் கூப்பிடும் எண் இரு பக்கமும் இருக்கட்டும். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்கு 2011-இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை கொடுத்தார்கள், வானம் இடிந்து விழவில்லை.

உரிமை ஆவணம் வந்த பிறகு பார்க்க வேண்டியவை: கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா, எல்லை விவரம் எழுதியிருக்கிறதா, பரப்பு மட்டும்தானா, கோரியதற்கும் கொடுத்ததற்கும் வித்தியாசம் என்றால் காரணம் எழுத்தில் உண்டா. எல்லோரும் இதைப் பட்டா என்கிறார்கள். பட்டா அல்ல. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அடகுக்கு எடுத்துக்கொள்வதாக யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். வருவாய், வனப் பதிவேடுகளில் 3 மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்கிறது 12-ஏ(9). ஏறாவிட்டால் அடுத்து வரும் ரேஞ்சருக்கு அது மீண்டும் வெறும் காப்புக்காடுதான்.

குன்றடி

எல்லோருக்கும் நன்றி. குடியிருப்பு அளவிலேயே மறுபடி கூட்டம் வைத்து, திருத்த விதி நகலோடு பதில் தயாராகிறது. கடைசியாக ஒன்று: தீர்மானப் புத்தகத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பேச்சிக்கிழவி_பேத்தி

புத்தகம் வன உரிமைக் குழு செயலரிடம், ஊரிலேயே இருக்கட்டும். அலுவலகத்துக்குச் சான்றிட்ட நகல் மட்டும். பக்கத்துக்கு எண் போட்ட, தைத்த நோட்டாக வாங்குங்கள், சுருள்கம்பி நோட்டு வேண்டாம், பக்கம் கழன்று வரும். கூட்டம் முடிந்த அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து மூன்று பேர் போனில் வையுங்கள். கூரையில் செருகி வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. தகரப் பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் உறை, கூடவே ஒரு வேப்பிலைக் கொத்து.